எஃகை வெட்டும் ஒளி, கறுப்புத் தகட்டில் திணறுவது ஏன்?

அக்கா மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து ட்ரோன் செய்கிறார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து நின்றான். பிரித்தால் ஒரு கறுப்புத் தகடு. மூன்று மில்லிமீட்டர் கனம். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. பாய் முடைந்ததுபோல மேலே ஒரு நெசவு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கட்டங்கள் மாறி மாறி மின்னின.

"கார்பன் ஃபைபர் மாமா. நாலு பேரும் காசு போட்டு வாங்கினோம். இதை ட்ரோன் சட்டமா வெட்டணும். போன வருஷம் வீட்டுக்கு நேம் போர்டு செஞ்சீங்களே, அந்த லேசர் கட்டிங் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க."

கோவையில் லேசர் கட்டிங் கடைக்குப் பஞ்சமா? போனோம். கடையில் இருந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, எம்.டி.எஃப். பலகையில் சாமி படம் என்று எதைக் கேட்டாலும் நுணுக்கமாக வெட்டித் தருகிறவர். தகட்டை மெஷினுக்குள் வைத்தார், கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றினார், பட்டனை அழுத்தினார்.

முதல் நொடியிலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீ நாக்கு. அப்புறம் புகை. பிளாஸ்டிக் கருகுவது போல, அதைவிடக் காரமாக ஒரு நாற்றம். ஒரு சுற்று முடிந்தும் தகடு அறுபடவில்லை. மேலே ஒரு பள்ளம், அதன் இரண்டு பக்கமும் சாம்பல் பூத்த ஒரு பட்டை. வேகத்தைக் குறைத்து இன்னொரு சுற்று விட்டார். பட்டைதான் அகலமானது. தம்பி இருமிக்கொண்டே மூடியைத் திறந்தார்.

"எட்டு மில்லி அக்ரிலிக்கை அல்வா மாதிரி அறுக்குற மெஷினுங்க இது. இந்த மூணு மில்லி வேகுதே ஒழிய அறுபட மாட்டேங்குதுங்க."

பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் பல வருஷமாக மல்லுக்கட்டுகிற பிரச்சினை இது. தம்பி அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மருமகன் விடுகிற ஆளில்லை. "இரும்பு வெட்டுற பெரிய லேசர் இருக்கே மாமா, கிலோவாட் கணக்குல. அதுல வெச்சா ஒரே வெட்டுல போயிடாதா?"

நியாயமான கேள்வி. கனமான எஃகுப் பிளேட்டையே துண்டாக்குகிற ஒளிக்கு இந்த மெல்லிய தகடு எம்மாத்திரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வெட்டும், வெட்டாமல் இல்லை. ஆனால் வெட்டி வருகிற துண்டின் ஓரம் என்ன கதியில் இருக்கும் என்பதுதான் விஷயம். அதைப் புரிந்துகொள்ள, தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு தகடு, இரண்டு பொருள்

கார்பன் ஃபைபர் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, இது ஒரு பொருள் இல்லை. நாரும் பசையும் சேர்ந்த கூட்டுக் குடும்பம்.

நார் என்றால் சும்மா இல்லை, 5 முதல் 7 மைக்ரான் தடிமன். நம் தலைமுடி அதைப் போலப் பத்து மடங்கு தடித்தது. பெரும்பாலான கார்பன் நார், ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் நூலின் நெருங்கிய சொந்தத்திலிருந்து பிறக்கிறது. (கடையில் பலகையாக வெட்டுகிற அக்ரிலிக் வேறு வகை, பெயர் மட்டும்தான் ஒன்று.) அந்த நூலை முதலில் 200, 300 டிகிரி சூட்டில் காற்றோட்டமாக வாட்டுவார்கள். பிறகு ஆக்ஸிஜன் புகாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடுவார்கள். மற்றதெல்லாம் வாயுவாகப் போய்விட, கரி மட்டும் நூலின் வடிவம் கலையாமல் நிற்கும். எடிசன் தன் பல்புக்குள் ஏற்றியதும் இப்படிக் கரியாக்கிய பருத்தி நூலையும் மூங்கில் நாரையும்தான். ஆனால் அது தொட்டால் ஒடிகிற கரி. எஃகுக்குச் சவால் விடுகிற நாராக அது மாறியது, 1958-ல் அமெரிக்காவில் ராஜர் பேக்கனும், அடுத்த சில வருஷங்களில் ஜப்பானில் அகியோ ஷிண்டோவும் செய்த வேலைகளுக்குப் பிறகு.

பசை என்பது பெரும்பாலும் எபாக்ஸி. இரண்டு ட்யூபைக் கலந்து உடைந்த ஜாடியை ஒட்டுவோமே, அந்தக் குடும்பம். நாரைத் துணியாக நெய்து, அடுக்கடுக்காக வைத்து, பசையில் ஊற வைத்து, அழுத்தி, சூட்டில் இறுக வைத்தால் தகடு தயார். பசை இல்லாவிட்டால் நார் வெறும் கறுப்புத் துணி. நார் இல்லாவிட்டால் பசை, கீழே போட்டால் உடைகிற கட்டி. இரண்டும் சேர்ந்தால்தான் போயிங் 787 விமானம் பறக்கும்; அதன் எடையில் பாதி இந்த மாதிரிக் கூட்டுப்பொருள். நம்முடைய தேஜஸ் போர் விமானத்தின் உடலிலும் எடையில் 45 சதவீதம் அளவுக்கு இதுதான். பேட்மின்டன் ராக்கெட், பந்தய சைக்கிள், ஓட்டப்பந்தய வீரர்கள் மாட்டிக்கொள்கிற வளைந்த செயற்கைக் கால் என்று எல்லா இடத்திலும் புகுந்துவிட்டது.

சேர்ந்திருக்கும்போது இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிற இந்த இரண்டும், சூடு என்று வந்தால் மட்டும் வடக்கும் தெற்குமாகப் பிரிந்துவிடும்.

எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1500 டிகிரியில் உருகும். லேசர் உருக்கும்; பக்கத்திலேயே நாஸிலிலிருந்து சீறுகிற வாயு, உருகியதை ஊதித் தள்ளும். சுத்தமான வெட்டு.

கரி உருகாது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது கற்பூரத்தின் ஜாதி. திடப்பொருளாக இருந்து நேராக ஆவியாகும். கற்பூரம் டப்பாவில் இருந்தபடியே கரைந்து காணாமல் போகும். கரி அப்படிப் போக 3600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு கிராமை ஆவியாக்க எவ்வளவு சக்தி செலவாகுமோ, அதைப் போல ஏறக்குறைய 20 மடங்கு ஒரு கிராம் கரிக்குச் செலவாகும்.

பசையோ 300, 400 டிகிரியிலேயே சிதைந்து புகையாகிவிடும்.

ஆக, நாரை ஆவியாக்குகிற சூட்டைக் கொடுத்தால், அதைச் சுற்றியுள்ள பசைக்கு அது பத்து மடங்கு அதிகம். பசைக்கு ஏற்ற சூட்டைக் கொடுத்தால், நார் அசையாது. ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் கொண்டைக்கடலையையும் அப்பளத்தையும் வேக வைக்கிற சங்கடம் இது.

இதோடு நின்றால்கூடச் சமாளிக்கலாம். இன்னொரு தொல்லையும் உண்டு. கொதிக்கிற குழம்பில் எவர்சில்வர் கரண்டியை விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துக் காம்பைத் தொட்டால் கை சுடும். மரக் கரண்டி சுடாது. கார்பன் நார் அந்த உலோகக் கரண்டி மாதிரி; பசை மரக் கரண்டி மாதிரி. சாதாரண ரக நாரிலேயே, அதன் நீளவாக்கில் சூடு பாய்வது பசையில் பாய்வதைவிட ஐம்பது மடங்கு அளவுக்கு இருக்கும். லேசர் ஓரிடத்தில் நாரைச் சுட்டால், அந்தச் சூடு நார் வழியாகவே உள்ளே ஓடி, வெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருக்கும் பசையை வேக வைக்கும். கடையில் நாங்கள் பார்த்த சாம்பல் பட்டை அதுதான்.

இதில் திசையும் முக்கியம். நாருக்குக் குறுக்கே வெட்டினால் பட்டை அகலம். நாரை ஒட்டி நீளவாக்கில் வெட்டினால் பட்டை குறுகல். ஒரு தகட்டில் அடுக்குக்கு அடுக்கு நாரின் திசை மாறும் என்பதால், வெட்டிய ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு அடுக்கு அதிகம் கருகியும் அடுத்தது குறைவாகவும், மெதுவடை ஓரம் போல ஏற்ற இறக்கமாக இருக்கும்.

வெந்த ஓரத்தில் பசை போய், நார் மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். முந்தானையில் நூல் பிரிந்து தொங்குமே, அப்படி. சேலைக்கு அது குஞ்சம். ட்ரோனுக்கு அது வில்லங்கம். மோட்டாரை முறுக்குகிற ஸ்குரூ துளையின் ஓரத்தில் பசை இல்லையென்றால், அடுக்குகள் மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். பறக்கும்போது நாளெல்லாம் அதிர்கிற இடம் அது. விமானம் என்றால் இப்படிப்பட்ட துளைகள் ஆயிரக்கணக்கில். இன்னொன்றும் உண்டு: மொட்டையான கார்பன் ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகி, அலுமினியம் அரிக்கும்.

"அப்ப பெரிய லேசர்ல வெச்சாலும் இதேதான் நடக்குமா?" என்றான் மருமகன்.

வேகமாக வெட்டுகிற பெரிய லேசரில் பட்டை குறையும். ஆனால் ஒளி நிற்காமல் பாய்கிற மாதிரியான லேசராக இருந்தால், எவ்வளவு பெரிசானாலும் பட்டை போகாது. வாட் கணக்கை ஏற்றுவதால் மட்டும் தீர்கிற வியாதி இல்லை இது.

இஸ்திரிப் பெட்டியும் பாலியெஸ்டர் சட்டையும்

பாலியெஸ்டர் சட்டையை இஸ்திரி போடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். நல்ல சூட்டில் இருக்கும் பெட்டியை ஒரே இடத்தில் இரண்டு விநாடி வைத்தால் துணி பொசுங்கும். அதே பெட்டியைச் சரக் சரக்கென்று ஓட்டினால் சுருக்கம் போகும், துணி பிழைக்கும். சூடு ஒன்றுதான், அது தங்கிய நேரம் வேறு.

லேசர்காரர்கள் பிடித்த வழியும் இதுதான். சூடு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டால், நார் ஆவியாகிவிடும், பக்கத்திலிருக்கும் பசைக்கு விஷயமே தெரியாது. எனவே ஒளியை நிற்காமல் பாய்ச்சாமல், துடிப்புத் துடிப்பாக அடிக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம்?

நானோ விநாடி என்று ஒன்று. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்று. அந்த நேரத்தில் ஒளி போகிற தூரம் 30 சென்டிமீட்டர், அதாவது பள்ளிக்கூட ஸ்கேலின் நீளம். அதையும் ஆயிரமாகப் பிரித்தால் பிகோ விநாடி. அதில் ஒளியே மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாது. இவ்வளவு சின்ன நேரத்துக்குள் சக்தியைத் திணித்து அடிக்கும் லேசர்கள் வர வழி திறந்தது 1985-ல். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற ஆராய்ச்சி மாணவியும் அவருடைய ஆசிரியர் ஜெரார் மொரூவும் கண்டுபிடித்த முறை அது. துடிப்பை முதலில் நீட்டி, பலப்படுத்தி, பிறகு சுருக்குவது. 2018-ல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. கண் அறுவை சிகிச்சையில் இந்த வகை லேசர் பயன்படுவது பலருக்குத் தெரிந்திருக்கும். கார்பன் தகட்டுக்கும் அதே உறவுக்கார லேசர்தான் கைகொடுக்கிறது.

பிகோ விநாடி லேசர் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், அங்கேதான் வேடிக்கை. ஒவ்வொரு துடிப்பும் ஆவியாக்கியது போக, கொஞ்சம் சூட்டைத் தகட்டிலேயே விட்டுவிட்டுப் போகும். ஒரு துடிப்பு விடுகிற சூடு ஒன்றுமே இல்லை. ஆனால் விநாடிக்கு லட்சக்கணக்கான துடிப்புகள். கந்துவட்டி மாதிரி குட்டிக் குட்டியாகச் சேர்ந்து, கடைசியில் பசை வெந்துதான் போகும். ஆக, துடிப்பு சின்னதாக இருந்தால் மட்டும் போதாது. அடுத்தடுத்த துடிப்புகள் ஒரே இடத்தில் விழவும் கூடாது.

இதற்காக ஒளியைக் கண்ணாடிகளால் ஆட்டுகிறார்கள். சின்னஞ்சிறு கண்ணாடிகள் படபடவென்று திரும்ப, ஒளிப்புள்ளி தகட்டின் மேல் விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு சுற்றில் வெட்டுவதில்லை. லேசாக ஒரு தோல் உரித்துவிட்டுப் போகும். அந்த இடம் ஆறட்டும் என்று விட்டு, மறுபடி அதே கோட்டில் வரும். இப்படி நூற்றுக்கணக்கான சுற்று. ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2010-களில் ஒரு கிலோவாட்டைத் தாண்டிய பிகோ விநாடி லேசரால் இந்த மாதிரி 2 மில்லிமீட்டர் தகட்டை வெட்டினார்கள். வெந்த பட்டை 20 மைக்ரானுக்குள் அடங்கியது. தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் தகட்டிலோ பட்டையை ஸ்கேல் வைத்தே அளக்கலாம்.

ஒளியின் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. கோவைக் கடையில் இருந்தது கார்பன் டை ஆக்ஸைடு வாயு லேசர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைக் கண்டுபிடித்தவர் நம் ஊர்க்காரர். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில். இன்று உலகம் முழுக்கத் தெருவுக்கு ஒரு கடையில் அக்ரிலிக் வெட்டுவது அவர் கண்டுபிடிப்பின் வாரிசுகள்தான். இந்தக் கதிரை நாரும் உறிஞ்சும், பசையும் உறிஞ்சும். இரும்பு வெட்டுகிற ஃபைபர் லேசரின் கதிரோ பசையை ஜன்னல் கண்ணாடிபோல ஊடுருவிப் போய், உள்ளே நாரில்தான் சூடேற்றும். நார் சூடாகி, மேலிருக்கும் பசையை உள்ளிருந்தே வெடித்துத் தள்ளும். புற ஊதா லேசர் இந்த விஷயத்தில் மரியாதையானது, இரண்டையும் மேலிருந்தே அரிக்கும். ஆனால் விலை எட்டாது, வேகமும் குறைவு.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுவிட்சர்லாந்துக்காரர்களின் வழி. 1840-களில் ஜெனீவாவில் டேனியல் கொலடான் என்ற விஞ்ஞானி, தொட்டியிலிருந்து வளைந்து விழும் தண்ணீர்த் தாரைக்குள் ஒளியை அனுப்பினார். ஒளியும் தாரையோடு சேர்ந்து வளைந்து விழுந்தது. பார்க்க வந்தவர்கள் அதிசயப்பட்டார்கள். அதே நாட்டின் சினோவா என்ற நிறுவனம், முடி போல மெல்லிய தண்ணீர்த் தாரைக்குள் லேசரை அனுப்பி வெட்டுகிற மெஷினை விற்கிறது. ஒளி தண்ணீரின் சுவரில் முட்டி முட்டி உள்ளேயே போகும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே தண்ணீர் அந்த இடத்தைக் குளிர வைக்கும், கழிவையும் கழுவும். வெட்டுவதும் அணைப்பதும் ஒரே ஆள்.

இவ்வளவு இருந்தும் விமானத் தொழிற்சாலைகளில் இன்றும் பெரும்பாலும் வெட்டுவது வைரமும் தண்ணீரும்தான். வைரத்தூள் பதித்த கருவியால் கடைவது ஒன்று. மணல் கலந்த தண்ணீரை 4000 பார் அளவுக்கு அழுத்தி, ஊசித் தாரையாக்கி அறுப்பது இன்னொன்று. இரண்டிலும் குறை உண்டு. கார்பன் நார் கருவியின் கூரைத் தின்றுவிடும். தண்ணீர்த் தாரை துளை போட ஆரம்பிக்கிற இடத்தில் அடுக்கைப் பிரித்துவிடலாம். ஆனாலும் அங்குலக் கணக்கில் கனமான இறக்கைப் பாகத்தை வெட்ட அவைதான் தோது. பள்ளம் ஆழமாக ஆழமாக லேசருக்கு மூச்சு முட்டும்; உள்ளிருந்து வரும் புகையே ஒளியை மறைக்கும். மெல்லிய தகடு, நுணுக்கமான வடிவம், நெருக்கமான குட்டித் துளைகள், சேதமான பாகத்தில் அடுக்கை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்து ஒட்டுப்போடும் ரிப்பேர் வேலை, இவைதான் லேசருக்கான இடம் என்பது என் கட்சி. எல்லாவற்றையும் லேசரே வெட்டும் என்கிற விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

தம்பியின் இருமல்

கடையில் மெஷினைவிட என்னை உறுத்தியது அந்த இருமல். அங்கே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது உண்மை. அதன் குழாய் ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து டீக்கடையின் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்ததும் உண்மை.

எபாக்ஸி கருகும்போது வருவது வெறும் புகை இல்லை. கார்பன் மோனாக்ஸைடு வரும். பென்சீன் வரும், அது புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. கொஞ்சமாக ஹைட்ரஜன் சயனைடும் வரும். பெயரைக் கேட்டாலே தெரியும், விஷம்.

அதோடு நார்த் துணுக்குகள். முழு நார் 5, 7 மைக்ரான் தடிமன் என்று பார்த்தோம். அந்தத் தடிமனில் இருந்தால் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, தும்மலிலும் சளியிலும் வெளியே வந்துவிடும். தோலில் பட்டால் அரிக்கும். நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுப்பது 3 மைக்ரானுக்கும் மெலிந்த, 5 மைக்ரானைவிட நீளமான நார்களை. கடும் சூட்டில் கார்பன் நார் எரிந்து மெலியலாம், பிளக்கலாம். அப்போது அது இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். துணிமுகமூடி இதற்கு ஒன்றும் செய்யாது. என்-95 துணுக்கைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது.

தூசு மெஷினையும் விடாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கம்ப்யூட்டர், பவர் சப்ளை போர்டுகளுக்குள் புகுந்தால் ஷார்ட் சர்க்யூட். இதை ஆயுதமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். 1999-ல் நேட்டோ விமானங்கள் செர்பியாவின் மின்நிலையங்கள் மேல் மெல்லிய கார்பன் இழைகளைத் தூவின. குண்டு வெடிக்காமலே நாட்டின் பெரும்பகுதி இருட்டில் மூழ்கியது. நம் கடையில் அவ்வளவு நடக்காது. ஆனால் கடனில் வாங்கிய மெஷினின் போர்டு ஒருநாள் காரணம் தெரியாமல் எரிந்து போகலாம்.

பேச்சோடு பேச்சாக, மேசையில் கிடந்த ரெக்ஸின் சுருளைக் காட்டி, "இதையும் வெட்டுவீங்களா?" என்று கேட்டேன். "பர்ஸ் செய்யுறவங்க கொண்டு வருவாங்க சார்" என்றார். பெரும்பாலான ரெக்ஸின் துணிமேல் பி.வி.சி. பூசியதுதான். லேசர் பட்டால் அது ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மெஷினின் தண்டவாளம் துருப்பிடிப்பதும் லென்ஸ் மங்குவதும் அதனால்தான். "எங்க லென்ஸ் நாலு மாசத்துக்கு ஒருக்கா போயிடுதுங்க, சீனா மால்னு நெனச்சேன்" என்றார் தம்பி. லென்ஸுக்கு ஆகிறது உங்கள் நெஞ்சுக்கும் ஆகும் தம்பி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

வீட்டிலோ கல்லூரியிலோ பிள்ளைகள் கார்பன் தகட்டில் வேலை செய்கிறார்கள் என்றால் பயந்து தடுக்க வேண்டியதில்லை. உலர்ந்த தகட்டை அறுக்க விடாதீர்கள், அவ்வளவுதான். தண்ணீரில் நனைத்து அறுக்கலாம். ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாளால் ஓரம் தீட்டலாம். தூசு பறக்காமல் சேறாக நின்றுவிடும். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, என்-95. மேசையைத் துடைப்பது ஈரத்துணியால். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், தூசைப் பின்பக்கமாக ஊதுவதோடு அதன் மோட்டாரும் போகும். அந்த உடுப்பைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் தனியாக அலசுங்கள். லேசர் கடைக்குக் கொண்டுபோனால், கார்பன் என்பதை முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். கறுப்பாக இருப்பதால் ஏதோ பிளாஸ்டிக் என்று நினைத்து வெட்டப் போகிறவரின் மூச்சு அதில் இருக்கிறது.

எங்கள் தகடு என்ன ஆனது? மிச்சமிருந்த பாதியை எடுத்துக்கொண்டு சி.என்.சி. ரௌட்டர் வைத்திருக்கிற ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் அலுமினியத் தட்டில் விரலளவு தண்ணீர் ஊற்றி, தகட்டை அதில் முழுக வைத்துப் பிடித்தார். சொரசொரப்பான கார்பைட் பிட்டை மாட்டி ஓட்டினார். புகை இல்லை, நாற்றம் இல்லை. தண்ணீர் மட்டும் மை மாதிரிக் கறுத்தது. இரண்டு சட்டம் வெட்டியதும் பிட்டின் பல் மழுங்கிப் போனது. அதற்கும் சேர்த்துத்தான் கூலி வாங்கினார். பையன்கள் ஓரத்தை ஈரத்தில் தீட்டி, உலர்த்தி, ஃபெவிக்விக்கை மெல்லிய கோடாக ஓரம் முழுக்கத் தடவி அடுக்குகளை அடைத்தார்கள். ட்ரோன் முதல் நாள் வேப்பமரத்தில் மோதியது. சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை; இறக்கை இரண்டு போனது.

போன வாரம் வேறு வேலையாக அந்த லேசர் கடைப் பக்கம் போனேன். எக்ஸாஸ்ட் குழாய் மாடிக்கு மேலே ஏறியிருந்தது. மெஷினின் மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது: 'கார்பன், ரெக்ஸின் வெட்ட மாட்டோம்'. அதற்குக் கீழே, எங்களுடைய கருகிய பாதித் தகட்டை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்.